பொம்மைப் பெட்டியில் யார் பெயர்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு 'ஜாப் ஒர்க்' என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும். பல நேரம் மூலப்பொருளையும் அதுவே அனுப்பிவிடும். பட்டறையில் கடைந்து, துளை போட்டு, டெலிவரி சலானோடு திருப்பி அனுப்புவார்கள். அளவு கொஞ்சம் பிசகினாலும் லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகி வந்துவிடும். பின்னாலேயே டெபிட் நோட்டும் வரும். ஆனால் அந்தப் பாகம் மாட்டிய வண்டி நடுரோட்டில் நின்றுபோனால், வண்டி வாங்கியவர் அம்பத்தூர்ப் பட்டறையைத் தேடி வரமாட்டார். வண்டியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ, அதன் ஷோரூமுக்குப் போவார். பதில் சொல்ல வேண்டியது அந்தக் கம்பெனி. அது தன் கணக்கில் லாட் நம்பரைப் பார்த்து, பிறகு பட்டறையைக் கேட்டுக்கொள்ளும்.

1964-ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டைக்கு இது பழகிப்போன ஒழுங்கு. வேலை எத்தனை கை மாறினாலும் சலானும் பில்லும் கூடவே போகும். தப்பு எங்கே நடந்தது என்று வந்த வழியே தேடிப்போக முடியும்.

இப்போது ஆவடி மார்க்கெட்டிலோ பூந்தமல்லிக் கடைத்தெருவிலோ ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து, ஒரு நூறு ரூபாய் பொம்மையை எடுத்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சில பொம்மைகளில் எல்லா விவரமும் ஒழுங்காக இருக்கும். சிலவற்றில் வண்ணப்படம் மட்டும்தான் இருக்கும். செய்தவர் பெயரும் இராது, இறக்குமதி செய்தவர் முகவரியும் இராது. வண்டியில் மாட்டும் ஒரு நட்டுக்கு இருக்கிற ஊர் பேர், குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு இல்லை. அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? சட்டம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது, அந்தப் பதில் எங்கே அறுந்துபோகிறது என்பதைப் பார்ப்போம்.

2007: ஒரு மஞ்சள் நிறமி கிளப்பிய புயல்

பார்பி பொம்மையால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க நிறுவனம் மேட்டல். 2007 ஆகஸ்ட் தொடக்கத்தில், அதன் ஃபிஷர்-பிரைஸ் பிரிவு உலகம் முழுவதும் சுமார் 15 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றின் பெயிண்டில் அளவுக்கு மீறிக் காரீயம் இருந்தது.

அவற்றைச் செய்தது சீனாவின் ஃபோஷான் நகரில் இருந்த லீ டர் என்ற தொழிற்சாலை. அது மேட்டலுக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பொம்மை செய்து கொடுத்துவந்த இடம். லீ டருக்குப் பெயிண்ட் கொடுத்தவர் வேறொருவர். அவரிடம் மஞ்சள் நிறமி தீர்ந்துபோக, இன்னொரு நிறுவனத்திடம் வாங்கினார். காரீயம் அந்த நிறமியில்தான் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவில் இருந்த மேட்டலுக்கும் அந்த நிறமிக்கும் நடுவே மூன்று கைகள். நீண்டகாலப் பழக்கமே பரிசோதனைக்குப் பதிலாக நின்றுவிட்டது. பொம்மைகள் திரும்பப் பெறப்பட்ட சில நாட்களில் லீ டரின் உரிமையாளர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார்.

அதே மாதம் 14 அன்று மேட்டல் இரண்டாவது முறையாகப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை சிறிய, வலுவான காந்தம் பதித்த பொம்மைகள். உலக அளவில் ஏறத்தாழ 1 கோடியே 82 லட்சம். காந்தம் கழன்று விழுந்து, குழந்தைகள் அதை விழுங்கினார்கள். இந்தத் தவறு சீனத் தொழிற்சாலையில் நடந்ததில்லை. காந்தத்தை அப்படிப் பதிக்கச் சொன்ன வடிவமைப்பே மேட்டலுடையது. ஆனாலும் 'சீனப் பொம்மை' என்ற ஒரே பெயரில் எல்லாப் பழியும் சீனாவின் தலையில் விழுந்தது. கடைசியில் 2007 செப்டம்பர் 21 அன்று மேட்டலின் மூத்த நிர்வாகி ஒருவர் பெய்ஜிங்குக்கே போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பப் பெற்றவற்றில் மிகப் பெரும்பகுதிக்குத் தங்கள் வடிவமைப்பே காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. பெயிண்டில் இருக்கக்கூடிய காரீயத்தின் உச்சவரம்பை பத்து லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைத்தது. குழந்தைகளுக்கான பொருள்களை வெளி ஆய்வகத்தில் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. 2009-ல் மேட்டல் 23 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அபராதம் கேட்கப்பட்டது ஃபோஷான் தொழிற்சாலையிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் பெயர் போட்டு அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தவரிடம் கேட்கப்பட்டது. நம் வண்டி ஷோரூம் கதைதான்.

பொம்மையில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் ஈயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது வெள்ளீயம். காரீயம் கலந்த நிறமிகள் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் தரும், மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் வெளுக்காது. விலையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கும்போது கீழே இருப்பவர் கை அதை நோக்கிப் போகிறது. குழந்தை பொம்மையைச் சப்பும்போது பெயிண்ட் உதிர்ந்து வயிற்றுக்குள் போகிறது. வளரும் மூளையைக் காரீயம் பாதிக்கிறது. படிப்பில் பின்தங்கல், கவனக்குறைவு என்று ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் காரீயத்துக்குக் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இரண்டாவது, சின்னப் பாகங்கள். பொம்மைக் கண், கார் சக்கரம், விசில் உள்ளே இருக்கும் குண்டு ஆகியவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். இதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயை ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. பழைய கேமரா பிலிம் ரோல் டப்பா ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்குள் முழுக்க அடங்கிவிடும் எந்தப் பாகமும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது, காந்தம். ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடக்கூடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, சுவரைத் துளைத்துவிடும்.

நான்காவது, பட்டன் பேட்டரி. விளக்கு மினுக்கும் மலிவுப் பொம்மைகளில் இருக்கும் காசு போன்ற பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் பேட்டரி மூடி கையால் திறக்கும்படி இருக்கக் கூடாது, ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

ஐந்தாவது, பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் ரசாயனங்கள். இவை உடலின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை.

இவற்றில் சின்னப் பாகத்தையும் பேட்டரி மூடியையும் நாம் கண்ணால் பார்த்துவிடலாம். காரீயத்தையும் தாலேட்டையும் எந்தத் தாயாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'பார்த்து வாங்கியிருக்க வேண்டும்' என்று பெற்றோரைக் குறை சொல்வது நியாயமில்லாமல் போவது இதனால்தான்.

இந்தியாவில் என்ன சட்டம்?

2009 ஜனவரியில் மத்திய அரசு சீனப் பொம்மைகளை ஆறு மாதத்துக்குத் தடை செய்தது; மார்ச் மாதமே அதைத் தளர்த்தி, சான்றிதழ் உள்ளவற்றை அனுமதித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை என்பது விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வதாகவே இருந்தது. 2019-ல் இந்தியத் தர மன்றம் தலைநகர் வட்டாரத்தில் 121 பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய 67 சதவீதம் தேறவில்லை.

2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் செய்யவும், இறக்குமதி செய்யவும், விற்கவும் கூடாது. சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644 என்பவை தர எண்கள். முத்திரை இல்லாமல் விற்றால், 2016-ன் இந்தியத் தர நிர்ணய அமைவன (பி.ஐ.எஸ்.) சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது முதல் முறை 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு.

வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் இதே விதிதான். பி.ஐ.எஸ். அந்தத் தொழிற்சாலைக்கு நேரடியாக உரிமம் தரும். ஆனால் இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரை அது தன் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். கேள்வி கேட்கும்போது கைக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனையின் உயிர்.

ஆணையோடு சுங்க வரியும் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. 2018-19-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-ல் சுமார் 11 கோடி டாலராகச் சரிந்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு இது நல்ல காலம். ஆனால் இறக்குமதி குறைந்ததாலேயே கடையில் இருக்கும் பொம்மை பாதுகாப்பானதாகிவிடாது. 2023 ஜனவரியில் பி.ஐ.எஸ். அறிவித்த கணக்கின்படி, ஒரே மாதத்தில் 44 சோதனைகளில் 18,600 பொம்மைகள் பறிமுதல் ஆயின. விமான நிலையங்களிலும் மால்களிலும் இருக்கும் பெரிய பெயர்கள் கொண்ட கடைகளும் அதில் அகப்பட்டன.

குழந்தைக்குக் காயம் பட்டால் பொறுப்பு யாருக்கு?

பறிமுதலும் அபராதமும் அரசுக்கும் வியாபாரிக்கும் இடையிலான விவகாரம். காயம்பட்ட குழந்தைக்கு இழப்பீடு தருவது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் ஆறாம் அத்தியாயம் பொருளால் வரும் பாதிப்புக்கான பொறுப்பை மட்டுமே பேசுகிறது.

யார் 'உற்பத்தியாளர்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் கவனித்துப் படிக்க வேண்டியது. பொருளைச் செய்தவர் மட்டும் உற்பத்தியாளர் இல்லை. பிறர் செய்த பாகங்களைப் பொருத்துபவரும், பிறர் செய்த பொருளில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவரும் உற்பத்தியாளரே. 'நாங்கள் செய்யவில்லை, செய்யக் கொடுத்தோம்' என்று ஒரு பிராண்ட் ஒதுங்க முடியாது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது ஆகிய மூன்றுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு. 2007-ன் காரீயப் பெயிண்டை முதல் வகையிலும் காந்தத்தை இரண்டாம் வகையிலும் வைக்கலாம்.

செய்தவர் கடல் கடந்து இருக்கிறார், அல்லது யாரென்றே தெரியவில்லை என்றால்? பிரிவு 86 அதற்கு வழி சொல்கிறது. உற்பத்தியாளர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாதபோதும், இந்தியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாதபோதும் விற்பவர் மீது பொறுப்பு வரும். இறக்குமதி செய்பவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் விற்பவரே.

ஆன்லைனில் வாங்கினால்?

ஆன்லைன் கடையின் கிடங்கும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 மார்ச்சில், ஆவடியும் பூந்தமல்லியும் சேர்ந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். உரிய சான்றில்லாத 3,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் சிக்கின. ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி இவற்றோடு பொம்மைகளும் இருந்தன.

'நாங்கள் சந்தை மட்டும்தான், விற்றவர் வேறு' என்பது இத்தகைய தளங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பதிலை ஏற்க மறுத்தது. தரமில்லாத 2,265 பிரஷர் குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தரும்படி அமேசானுக்கு உத்தரவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த விற்பனையில் தளத்துக்குக் கட்டணமாக 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய் கிடைத்திருந்தது. லாபத்தில் பங்கு எடுத்துக்கொண்டவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க முடியாது என்பதே ஆணையத்தின் வாதம். 2023 ஜனவரியில், ஐஎஸ்ஐ இல்லாத பொம்மைகளுக்காக அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல் மூன்றுக்கும் அதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

பில் இல்லாத இடத்தில் அறுந்துபோகும் சங்கிலி

சட்டம் இத்தனை இருந்தும் நடைமுறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கூட்டத்துக்குப் பொம்மைக் கடை விரிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சவுகார்பேட்டையில் மொத்த விலைக்கு மூட்டையாக வாங்கி வந்திருப்பார். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தந்திருப்பார்கள். அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார், துறைமுகத்தில் கண்டெய்னரை இறக்கியவர் யார் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

இந்தப் பொம்மையால் ஒரு குழந்தைக்குக் கேடு வந்து வழக்கானால் பிரிவு 86 யார் மேல் விழும்? தனக்கு மேலே இருப்பவரைக் காட்ட முடியாத அந்த நடைபாதை வியாபாரி மேல். வெளிநாட்டில் செய்யச் சொன்னவரும், கண்டெய்னரில் கொண்டுவந்தவரும், லாபத்தில் பெரும்பங்கு எடுத்தவர்களும் தப்பிவிடுவார்கள். குறைவாகச் சம்பாதித்தவர் முழுப் பொறுப்பையும் சுமப்பார். அவரிடமிருந்து வசூலிக்க எதுவும் இல்லை என்பதால் குழந்தைக்கும் நியாயம் கிடைக்காது.

ஆகவே பில் என்பது வாங்குபவருக்கான பாதுகாப்பு மட்டும் இல்லை. சின்னக் கடைக்காரரைத்தான் அது முதலில் காப்பாற்றும். அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் டெலிவரி சலானை ஃபைல் போட்டு வைப்பதும் இதற்காகத்தான். தப்பு தன்னுடையது இல்லையென்றால் அதைக் காட்ட அவரிடம் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றே. அரசு உண்மையிலேயே இந்தச் சங்கிலியை ஒட்ட நினைத்தால் சோதனையைத் துறைமுகத்திலும் மொத்தக் கிடங்கிலும் இறுக்க வேண்டும். கோயில் வாசலில் தள்ளுவண்டியைப் பிடிப்பதால் கண்டெய்னர் நிற்காது.

வாங்கும்போதும், ஏதாவது ஆகிவிட்டாலும்

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை:

• ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும், கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பது எளிது. எண்ணைச் சரிபார்த்தால் குட்டு வெளிப்படும்.

• 'சிஇ' என்ற எழுத்துகள் ஐஎஸ்ஐக்கு ஈடாகாது. அது பெரும்பாலும் ஐரோப்பியச் சந்தைக்காக உற்பத்தியாளர் தானே தந்துகொள்ளும் உறுதிமொழி.

• இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, புகார் சொல்லும் தொடர்பு ஆகியவை பெட்டியில் இருந்தாக வேண்டும். இது சட்ட விதி.

• எத்தனை வயதுக்கு உரியது என்ற குறிப்பைப் பாருங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அண்ணனுக்கு வாங்குவதையும் தம்பியின் வாயை நினைத்தே வாங்க வேண்டும்.

பட்டன் பேட்டரியையோ காந்தத்தையோ குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாளை வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனை முதலில். குழந்தைகளுக்கென்றே எழும்பூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

குழந்தை தேறிய பிறகு பொம்மையையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில், படங்கள், மருத்துவச் சீட்டுகளோடு அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரை பற்றிய புகாரை பிஐஎஸ் கேர் செயலியிலேயே பதிவு செய்யலாம், பி.ஐ.எஸ். அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது. இழப்பீடு கேட்க, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பெரிய கம்பெனியை எதிர்த்து என்ன ஆகும் என்று தயங்க வேண்டாம். பாக்கெட்டில் சொன்ன எண்ணிக்கையைவிட ஒரு பிஸ்கட் குறைவு என்பதற்காக, 2023-ல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது திருவள்ளூர் மாவட்ட ஆணையம்தான்.

நாம் செய்து அனுப்பும் பொம்மை

இந்தக் கதையில் நாம் வாங்குபவர்கள் மட்டும் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன பலூன் பட்டறையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். அந்தக் குழுமத்திலிருந்து 1987-ல் ஃபன்ஸ்கூல் பிறந்தது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வரும் ராணிப்பேட்டையில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்யும் பொம்மைகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. சீனாவுக்குப் போன ஜாப் ஒர்க்கில் ஒரு பங்கு இப்போது நம் பக்கம் திரும்புகிறது. அச்சு செய்யவும் பிளாஸ்டிக் வார்க்கவும் தெரிந்த கைகள் அம்பத்தூரில் நிறையவே உண்டு.

எங்கோ தூரதேசத்தில் ஒரு தாய் நாம் செய்த பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்பாள். ராணிப்பேட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெட்டியில் உள்ள பெயரை நம்பி வாங்குகிறாள். ஏதாவது ஆனால் அந்தப் பெயரைக் கேட்பாள். அவள் நாட்டுச் சட்டம் அவளுக்குப் பின்னால் நிற்கும் என்று தெரிந்துதான் நாமும் ஒவ்வொரு லாட்டையும் சோதித்து அனுப்புகிறோம். திருவேற்காட்டில் ஆடிக் கூட்டத்தில் அழும் பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் பொம்மை வாங்கித் தரும் தாய்க்கும் அதே கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. பொம்மையின் விலை குறைவு என்பதால் அந்தக் குழந்தையின் உயிர் மலிந்துவிடாது.